சென்னைல ராயபுரம், பாரிஸ் (பாரிமுனை), காசிமேடு பக்கம் போட்டோ எடுக்க எந்த நேரம், எங்க ஆரம்பிக்கலாம்?

புதுவண்ணை_வாசி:
வணக்கம் மக்களே. திருப்பூர்ல இருந்து வேலைக்கு வந்து இப்ப புதுவண்ணாரப்பேட்டைல ரூம் எடுத்து தங்கியிருக்கேன். கையில ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ், அவ்ளோதான். நெட்ல தேடுனா எல்லாரும் மெரினா, மயிலாப்பூர்னே சொல்றாங்க, நமக்கு பக்கத்துல இருக்கற ஹார்பர், ஜார்ஜ் டவுன் பழைய பில்டிங், காசிமேடு மீன்பிடி துறைமுகம் இதெல்லாம் எடுக்கலாம்னு ஆசை. ஒருநாள் மத்தியானம் பாரிஸ் பக்கம் போனேன், கூட்டத்துல கேமராவ வெளியவே எடுக்க முடியல, எடுத்த ரெண்டு மூணும் ஒயரும் போர்டுமா இருக்கு. எங்க ஆரம்பிக்கறது, எத்தனை மணிக்கு போகணும், யாராச்சும் தடுப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிட்லென்ஸ்_குமார்:
ப்ரோ, மத்தியானம் போனா அப்படித்தான் இருக்கும். ராஜாஜி சாலைல முக்கியமான பில்டிங் எல்லாம் ரோட்டுக்கு மேற்கால நின்னு கடலை பாத்துட்டு இருக்கு, ஜிபிஓ (தலைமை தபால் நிலையம்), ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச், கஸ்டம்ஸ் ஹவுஸ் எல்லாமே. அதனால காலை வெயில் நேரா முகத்துல அடிக்கும், அந்த சிவப்பு செங்கல் அப்படியே பத்திக்கும். பன்னெண்டு தாண்டிட்டா வெயில் பின்னால போயிடும், வானம் வெள்ளையா போயி பில்டிங் கருப்பா நிக்கும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு புதுவண்ணைல பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ புடிச்சு பீச் ஸ்டேஷன்ல இறங்கிடுங்க, பர்மா பஜார் ஷட்டர் எல்லாம் மூடி இருக்கும், எதிர் பிளாட்பாரத்துல நின்னு நிதானமா எடுக்கலாம். ஜிபிஓ ராபர்ட் சிஷோம்ங்கற வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் டிசைன், 1884ல திறந்தது, கிட்டக்க போய் கேமராவ மேல தூக்குனா கோபுரம் ரெண்டும் பின்னால சாயற மாதிரி விழும், எதிர்ல தள்ளி நின்னு ஜூம 35mm பக்கம் வெச்சு கேமராவ நேரா புடிங்க, கீழ ரோடு கொஞ்சம் அதிகமா வந்தா வரட்டும், அப்புறமா கட் பண்ணிக்கலாம்.

எனக்கு புடிச்ச ரூட் ஒண்ணு சொல்றேன், லைட் ஹவுஸ் ரூட். சென்னைக்கு இது வரைக்கும் நாலு லைட் ஹவுஸ். முதல்ல 1796ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள, இப்ப மியூசியமா இருக்கற பில்டிங் மாடில விளக்கு ஏத்துனாங்க, அடுத்தது 1844ல ஹைகோர்ட் வளாகத்துல தனியா நிக்குதே அந்த கல் தூண், மூணாவது 1894ல ஹைகோர்ட் கோபுரத்து மேலயே வெச்சது, 1977ல மெரினாவுல புதுசு வந்ததும் அது ஓய்வு எடுத்துக்கிச்சு. முதல் மூணும் ஒரே நடைல முடிஞ்சிரும். ஹைகோர்ட்ட ரோட்டுல இருந்தே எடுத்துக்கங்க, உள்ள கேமராவோட போறேன்னு நிக்காதீங்க. அந்த காம்பவுண்ட் சுவர்ல எம்டன் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதுக்கு. டெய்லி ஆயிரக்கணக்குல அத தாண்டி போறாங்க, ஒருத்தரும் திரும்பி பாக்க மாட்டாங்க. அந்த கல்லையும் தாண்டி போற காலையும் ஒரே பிரேம்ல புடிங்க, ஷட்டர் ஸ்பீடு 1/15 வெச்சா ஆளுங்க மட்டும் கலங்குவாங்க, சுவர் மேல முட்டுகுடுத்து புடிக்கணும்.

தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு எல்லாம் வடக்கு தெற்கா ஓடற சந்து. எட்டு மணிக்கு மேற்கு பக்க மாடில மட்டும்தான் வெயில், கீழ இருட்டு. பத்தரைக்கு மேல கீழ இறங்கும். அதனால அங்க வார நாள்ல பத்தரைல இருந்து பதினொன்றரை வரைக்கும், அப்பதான் வண்டி தள்றவங்க, மூட்டை தூக்கறவங்க எல்லாம் மேல இருந்து வர்ற வெளிச்சத்துல கிடைப்பாங்க. ஒயர பத்தி கவலைப்படாதீங்க, அது இல்லாம எடுத்தா அது பாரிஸே இல்ல.

மண்ணடி_மாடிவீடு:
குமார் சொன்னது கரெக்ட், ஆனா அரண்மனைக்காரன் தெருவுல ஆர்மீனியன் சர்ச்ச விட்டுட்டாரு. 1772ல கட்டினது, மணிக்கூண்டு தனியா நிக்கும், கூட்டத்துல இருந்து கதவுக்குள்ள கால வெச்சா வேற ஊரு. தரை பூரா ஆர்மீனிய எழுத்து வெட்டுன கல்லறைக் கல்லு. உலகத்துலயே முதல் ஆர்மீனிய பத்திரிகை 1794ல இந்த ஊர்லதான் அச்சாச்சு, அத நடத்துன ஷ்மவோனியன் சமாதியும் அங்கயே இருக்கு. எழுத்து தெரியணும்னா வெயில் சாய்வா விழற நேரத்துல போங்க, உச்சி வெயில்ல கல்லு சப்பையா இருக்கும். வாசல்ல இருக்கறவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. அப்புறம் பாரிஸ் முக்குல டேர் ஹவுஸ், 1940ல வந்த ஆர்ட் டெகோ பில்டிங், அத இந்தோ சாரசெனிக்னு கேப்ஷன் போட்டு வைக்கிறாங்க பாருங்க, தாங்கல.

காசிமேட்டான்:
எல்லாம் செங்கல்லையே எடுக்க சொல்றீங்களே, மனுசன எப்ப எடுப்பீங்க? தம்பி, காசிமேட்டுக்கு வரணும்னா விடியறதுக்கு முன்னாடி வா, ஏலம் இருட்டுலயே நடக்கும், ஆறு மணிக்கு டீ குடிச்சிட்டு பொறுமையா வந்தீன்னா சில்லறை யாவாரம்தான் பாப்ப. லைட்டு கம்மியா இருக்கும், கேமராவுல ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த புடிக்கிற அளவு) ஏத்திக்கோ, பிளாஷ் மட்டும் அடிக்காத, ஏலம் கேக்கறவன் மூஞ்சில அடிச்சா சண்டைதான். செருப்பு ரப்பர் செருப்பா போட்டுக்க, தரை பூரா ஐஸ் தண்ணி, மீனு ரத்தம். நடுவுல நிக்காத, கூடையும் மீன்பாடி வண்டியும் வந்துனே இருக்கும், பிரேக் கிடையாது. வீட்டுக்கு போனதும் கேமராவ லேசா ஈரத்துணில தொடைச்சிட்டு காய வையி, உப்பு புடிச்சா லென்ஸ் திரும்பாது. போர்ட் கேட்டு, மதிலு பக்கம் கேமராவ தூக்காத, சிஐஎஸ்எஃப் (மத்திய பாதுகாப்பு படை) காவல் இருக்கு, ஐடி கார்டு கேப்பாங்க.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை ஆனா போதும் பத்து பேரு சேந்து வந்து, எங்க ஊரு அக்காங்க மூஞ்சிக்கு நேரா லென்ஸ நீட்றாங்க, ஒரு வார்த்தை கேக்கறதில்ல. அப்புறம் பாத்தா கருப்பு வெள்ளைல போட்டு, குப்பை, அழுக்கு, மொறைக்கிற பசங்க, அதுக்கு கீழ வடசென்னைன்னு எழுதி லைக்கு வாங்கறானுங்க. இங்க வஞ்சிரம் வெள்ளியா மின்னுது, சங்கரா செவப்பா இருக்குது, லாஞ்சு (விசைப்படகு) ஒவ்வொண்ணும் ஒரு கலரு, அத்த ஏன் கருப்பாக்கணும்? எடுத்துக்கலாமாக்கான்னு கேளு, நூத்துக்கு தொண்ணூறு பேரு சிரிச்சிட்டு எடுன்னுதான் சொல்லும். வேணாம்னா விட்டுடு. நல்லா வந்துச்சின்னா பிரிண்ட் போட்டு கொண்டாந்து குடு, அப்புறம் உன்ன யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

கிட்லென்ஸ்_குமார்:
அண்ணே, ஒத்துக்கறேன், ஆனா கருப்பு வெள்ளையே தப்புன்னு சொல்ல மாட்டேன். ராயபுரம் ஸ்டேஷன் அந்த வெள்ளைத் தூணுங்க, 1856ல தென்னிந்தியாவோட முதல் பாசஞ்சர் ரயிலே வாலாஜா ரோடுக்கு அங்க இருந்துதான் கெளம்புச்சு, அத கருப்பு வெள்ளைல எடுத்தா நிழல் கோடு தெளிவா விழும். மனுசங்கள எடுக்கறப்பதான் நீங்க சொல்றது.

காசிமேட்டான்:
தூணுக்கு ஓகே. ஸ்டேஷன்ல மட்டும் யாருகிட்டயாவது கேட்டுட்டு எடுக்க சொல்லு, பிளாட்பாரத்துல ட்ரைபாட் விரிச்சா உடனே வந்துருவாங்க.

புதுவண்ணை_வாசி:
ரொம்ப நன்றிண்ணா எல்லாருக்கும். ஏப்ரல் கடைசில நாலு நாள் லீவு வருது, அப்ப காசிமேடு வரலாமா?

காசிமேட்டான்:
அது மீன்பிடி தடைக்காலம்பா. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் லாஞ்சு கடலுக்கு போவாது. ஏலம் டல்லுதான், பைபர் போட்டு மட்டும் போயிட்டு வரும். ஆனா வா, லாஞ்சு எல்லாம் வரிசையா கட்டி கெடக்கும், பெயிண்ட் அடிப்பாங்க, வலை பின்னுவாங்க, அவனவன் நெழல்ல குந்தி பேசினு இருப்பான். சாயங்காலமா வந்தா போதும், தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.