டபுள்ஸ்ல லாங் போற வண்டி, சஸ்பென்ஷன்: நேர்ல பார்த்ததை எழுதுங்க

தண்டையார்பேட்டை:
காரனோடை பாலத்துல முன்னாடி போன ஒரு 150 சிசி வண்டி இன்னும் கண்ணுலயே நிக்குது. புருஷன், பொண்டாட்டி, பின்னாடி டாப் பாக்ஸ், அதுக்கு மேல ஒரு பையைக் கயித்துல கட்டியிருந்தாங்க. பாலத்து ஜாயின்ட்ல ஏறி இறங்கின உடனே பின் டயர் மட்கார்டுக்குள்ள போய் 'கர்ர்'னு உரசிச்சு. ரப்பர் வாடை பின்னாடி வர்றவங்களுக்கு அடிக்கிற அளவுக்கு. கும்மிடிப்பூண்டி டீக்கடையில அந்த வண்டி நின்னப்போ குனிஞ்சு பார்த்தா ரெண்டு ஷாக்கும் முதல் ஸ்டெப்ல, அதாவது ஸ்பிரிங் ரொம்பக் குறைவா அமுங்கியிருக்கிற நிலையில இருக்கு. கேம் (ஸ்டெப் மாத்தத் திருப்புற, படி வெட்டின காலர்) மேல சேறு காஞ்சு கல்லு மாதிரி. நெல்லூர் வரைக்கும் போறாங்களாம்.

டபுள்ஸ்ல கிளம்புறதுக்கு முன்னாடி ஷாக்கை 4வது இல்லன்னா 5வது ஸ்டெப்புக்கு ஏத்துங்க. மெயின் ஸ்டாண்டு போட்டு, கேம்ல இருக்கிற மண்ணை மண்ணெண்ணெய் நனைச்ச பிரஷ்ல சுரண்டிட்டு, அப்புறம் கேமைத் திருப்புற வளைஞ்ச சி ஸ்பேனர் போடணும். மண்ணோட திருப்பினா கேம் பல் தேயும். ரெண்டு பக்கமும் ஒரே ஸ்டெப். இடது 3, வலது 4ன்னு விட்டுட்டா ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடுற கை) முறுக்கிக்கிட்டே ஓடும். ஸ்டெப் ஏத்தினா ஸ்பிரிங் டைட் ஆயிடும், அடி வாங்காது.

ராயபுரம்:
ஸ்டெப்பை எண்ணிப் பிரயோஜனம் இல்ல, டேப் வெச்சு அளக்கணும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு வண்டி 5வது ஸ்டெப்லதான் இருந்துச்சு. அப்படியும் ரெண்டு பேர் ஏறினா பின்பக்கம் 52 மி.மீ. இறங்குது. மொத்த டிராவலே, அதாவது சக்கரம் மேல கீழ போய்வர்ற தூரமே, 110 மி.மீ. தான். பாதி டிராவல் சும்மா உட்கார்ந்ததுலயே போயிடுச்சுன்னா பள்ளத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அளக்கிற முறை இதுதான். மெயின் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரம் தரையில படாம தொங்கணும். ஆக்ஸில் நட்டு நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ ஒரு இடத்துல டேப் ஒட்டிக் கோடு போட்டு அளந்துக்கங்க. அது முதல் அளவு. அப்புறம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் ஏறாம அதே ரெண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு அளவு. கடைசியா, ஓட்டுறவர், பின்னாடி உட்கார்றவர், பெட்டி, தண்ணி பாட்டில் வரைக்கும் எல்லாத்தையும் ஏத்தி, கால் ஃபுட்ரெஸ்ட்ல இருக்க, ரெண்டு பேர் பக்கத்துல நின்னு வண்டியைப் பிடிச்சுக்க, மூணாவது அளவு. ஷாக் சீல் (ஆயில் வெளியே வராம அடைக்கிற ரப்பர் வளையம்) உராய்வுனால ஒவ்வொரு தடவையும் 4, 5 மி.மீ. மாறும். அதனால பின்பக்கத்தை ஒரு தடவை கையால அமுக்கி மெதுவா விட்டு அளங்க. இன்னொரு தடவை தூக்கி மெதுவா விட்டு அளங்க. ரெண்டுக்கும் சராசரிதான் கணக்கு.

முதல் அளவிலிருந்து மூணாவதைக் கழிச்சா, மொத்த டிராவல்ல நாலில் ஒரு பங்குலேர்ந்து மூணில் ஒரு பங்குக்குள்ள வரணும். 110க்கு 28லேர்ந்து 36 மி.மீ. ஆள் இல்லாம வெறும் வண்டி 5லேர்ந்து 10 மி.மீ. இறங்கினா நல்லது. மேல சொன்ன வண்டி காலியா நிக்கும்போது கொஞ்சம்கூட இறங்கல, ஆள் ஏறினா மட்டும் 52. இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா அந்த எடைக்கு ஸ்பிரிங் சாஃப்ட்னு அர்த்தம். அதுக்கு மேல ஸ்டெப்பைத் திருகி ஒண்ணும் ஆகாது, கனமான ஸ்பிரிங் தேடணும். இல்லன்னா பெட்டியைக் குறைக்கணும்.

வியாசர்பாடி:
முதல்ல எழுதின அண்ணனுக்கு: ஸ்டெப் ஏத்தினா ஸ்பிரிங் டைட் ஆகாதுண்ணே. ஒரே பிட்ச்ல சுத்தின ஸ்பிரிங் 10 மி.மீ. அமுங்க 20 கிலோ கேக்குதுன்னு வெச்சுக்கங்க. 5 மி.மீ. முன்கூட்டியே அமுக்கி வெச்சா (இதுக்குப் பேருதான் ப்ரீலோடு) முதல் 10 கிலோவுக்கு அசையாது, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் அதே 20 கிலோதான். பின்பக்கம் உசரமாகும், ஸ்பிரிங்கோட பலம் மாறாது. இதைப் புரிஞ்சுக்காம 5வது ஸ்டெப்ல வெச்சுட்டு 'இப்ப எவ்வளவு எடை வேணா ஏத்தலாம்'னு நினைக்கிறாங்க, அதுதான் பயமா இருக்கு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல கன்டெய்னர் லாரி ஓடி ரோடு அலை அலையா மடிஞ்சு கிடக்கிற இடத்துல ஒரு வண்டி 5வது ஸ்டெப்ல குதிரை மாதிரி குதிச்சுக்கிட்டே போச்சு. பின்னாடி இருந்த அம்மா ஒவ்வொரு அலைக்கும் சீட்டை விட்டு எழுந்து எழுந்து உட்கார்றாங்க. ஆட்டத்தை அடக்குற டேம்பர் செத்துப்போன ஷாக் அது. ப்ரீலோடு ஏத்தினா ஸ்பிரிங் இன்னும் வேகமா திருப்பி உதைக்கும், அதை அடக்கத்தான் உள்ள ஆயிலும் வால்வும் இருக்கு. வீட்டு வாசல்லயே பார்க்கலாம்: பின் சீட்டை நல்லா அமுக்கிச் சட்டுனு விடுங்க. மேல வந்து, லேசா ஒரு தடவை ஆடி நின்னுடணும். ரெண்டு மூணு தடவை ஆடினா ஷாக் காலி. கேஸ் ஷாக்ல பெரும்பாலும் ரிப்பேர் கிடையாது, ஜோடியா மாத்தணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு போடாதீங்க. ஷாக்கோட ரெண்டு முனையிலயும் இருக்கிற ரப்பர் புஷ் முட்டை வடிவமா நசுங்கியிருந்தா புது ஷாக்கும் லொட லொடன்னுதான் இருக்கும்.

எண்ணூர்:
எல்லாரும் பின்பக்கத்தையே பேசுறீங்க. கடலோரத்துல நிக்கிற வண்டிக்கு முதல்ல முன் ஃபோர்க்கைப் பாருங்க. திருப்பதிக்கு டபுள்ஸ்ல கிளம்பின வண்டி, ஊத்துக்கோட்டை தாண்டறதுக்குள்ள வலது ஃபோர்க்கிலிருந்து ஆயில் வழிஞ்சு டிஸ்க் மேல சொட்டுது. பிரேக் பேடு முழுக்க ஊறிப்போச்சு. அந்த வண்டி ஊருக்குள்ள ஓடினவரைக்கும் ஒரு சொட்டு கசிவு இல்லையாம்.

காரணம் உப்புக்காத்து. குழாய்மேல குரோம்ல பொட்டுப் பொட்டா துரு பிடிக்கும், அதுவும் சீல் வழக்கமா போய்வர்ற இடத்துக்கு மேல. தனியா ஓட்டும்போது ஃபோர்க் அந்த இடம் வரைக்கும் இறங்காது. ரெண்டு பேரோட ஓங்கி பிரேக் போட்டா முன்பக்கம் ஆழமா இறங்கும், துருப் பொட்டு சீலுக்குள்ள போகும், சீல் உதட்டைக் கீறிடும். அதனால குழாய் முழுக்க நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டினா கிளம்பாதீங்க. சின்ன பொட்டுன்னா 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு குழாயைச் சுத்தி தேய்ச்சு, அப்புறம் 2000 போட்டா கூர்மை போகும். மேலும் கீழுமா தேய்ச்சா அந்தக் கோடு வழியாவே ஆயில் ஏறும். குழி ஆழமா இருந்தா குழாயை மாத்தறதுதான் வழி, புது சீல் போட்டாலும் ஒரு மாசம் தாங்காது.

சீல் மாத்தும்போது குழாய் நுனியில ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுத்தி, ஃபோர்க் ஆயில் தடவி, அதுக்கு மேலயே சீலை இறக்கணும். நுனியோட கூர்மை சீல் உதட்டை வெட்டக்கூடாது. ஆயில் கிரேடும் அளவும் உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான். இன்ஜின் ஆயிலை ஊத்துற கடைக்குப் போகாதீங்க. ஊத்தினப்புறம் குழாயை மேலும் கீழும் பத்துத் தடவை இழுத்துக் காத்தை வெளியேத்தணும். ஸ்பிரிங் வெளியே இருக்க, குழாயை முழுசா அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரைக்கும் ஸ்கேல் விட்டு அளக்கணும். ஃபோர்க்கோட ரெண்டு காலும் ஒரே மட்டம். ஆயில் கூட இருந்தா மேல இருக்கிற காத்துக்கு இடம் குறையும், கடைசி டிராவல்ல ஃபோர்க் கல்லு மாதிரி ஆயிடும், சீல்மேல அழுத்தமும் ஏறும். 'டபுள்ஸ்தானே, கொஞ்சம் கூட ஊத்துங்க'ன்னு கேக்காதீங்க. ரெண்டாவது ஆளோட எடை பெரும்பகுதி பின் சக்கரத்துலதான் விழும்.

மாதவரம்:
டயர் காத்து யாரும் சொல்லல. ஜிஎன்டி ரோட்டுல காத்து 40 psi அடிச்சிட்டுப் போற ஆளுங்களைப் பார்க்கிறேன், 'டபுள்ஸ்ல அமுங்காது'ங்கிறாங்க. பல 150 சிசி வண்டிக்குப் பின் டயர் தனியா போனா 28 psi, டபுள்ஸ்ல 32. செயின் கவர்ல இல்லன்னா ஸ்விங் ஆர்ம்ல ஒட்டின ஸ்டிக்கரைப் படிங்க, டயர் ஆறியிருக்கும்போது பிடிங்க.

மணலி:
செயின்! ஷாக்கை சரி பண்ணிட்டு செயினை விட்டுடறாங்க. லாரி ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரமா ஒரு வண்டி, செயின் அறுந்து இன்ஜின் கேஸைக் கிழிச்சிருந்துச்சு. கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் 'நல்லா டைட்டா' வெச்சுக் கொடுத்திருக்காங்க.

மெயின் ஸ்டாண்டு போட்டா ஸ்விங் ஆர்ம் முழுசா கீழ தொங்கும், அப்போ செயின் லூஸாத்தான் தெரியும். ஆள் ஏற ஏற ஸ்விங் ஆர்ம் மேல வரும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வரும்போதுதான் செயின் ரொம்ப இறுகும். தனியா ஓட்டும்போது அந்தக் கோட்டை எப்பவாவது தொடும். டபுள்ஸ்ல பள்ளத்துக்குப் பள்ளம் தொடும். மேனுவல் சொல்ற ஆட்டத்தை, பல வண்டிக்கு 25லேர்ந்து 35 மி.மீ.க்குள்ள இருக்கும், சக்கரத்தைச் சுத்தி இறுக்கமான இடம் எதுன்னு கண்டுபிடிச்சு அங்கே வையுங்க. அப்புறம் ரெண்டு பேரையும் ஏத்தி விரலால செயினைத் தூக்கிப் பாருங்க. அசையணும். கம்பி மாதிரி நின்னா ஒரு கட்டம் தளர்த்துங்க. இல்லன்னா முன் ஸ்ப்ராக்கெட் பேரிங்தான் முதல்ல போகும்.

திருவொற்றியூர்:
பெட்டி விஷயத்துல தண்டையார்பேட்டை அண்ணன் எழுதினதை இன்னும் கொஞ்சம் விளக்கணும். தச்சூர் பக்கம் ஒரு வண்டி 80ல போகும்போது ஹேண்டில்பார் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. பின்னாடி உட்கார்ந்தவர் பயந்து ஓட்டுறவரை இறுக்கிக் கட்டிப்பிடிக்க, ஆட்டம் இன்னும் கூடுச்சு. மெதுவா த்ராட்டிலை விட்டதால பிழைச்சாங்க. டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி தொங்குது, அதுல போடுற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கும். கனமானது எல்லாம் சைடு பையில, ஆக்ஸிலுக்கு முன்னாடி, எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ. டேங்க் பேக்ல கொஞ்சம் வெச்சா முன்பக்கத்துக்கும் எடை வரும். டாப் பாக்ஸ்ல ரெயின்கோட்டு, துணி மட்டும். ரேக்ல அச்சடிச்சிருக்கிற கிலோவைத் தாண்டாதீங்க.

அந்த வண்டிக்கு கோன் செட்டும் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) போயிருந்துச்சு. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா 'டக் டக்'. அப்புறம் ஹேண்டிலை மெதுவா திருப்பினா நட்டநடுவுல ஒரு பள்ளத்துல உட்கார்ற மாதிரி நிக்குது. அந்தப் பள்ளம் வந்துட்டா டைட் பண்ணிப் பலன் இல்ல, மேல் கீழ் ரெண்டு ரேஸும் (குண்டு உருள்ற வளையம்) புதுசு போடணும். அப்படியே பின்பக்கமும்: ஸ்விங் ஆர்ம் நுனியைப் பக்கவாட்டுல ஆட்டுங்க. அங்கே ஆட்டம் இருந்தா புஷ். ஸ்விங் ஆர்ம் அசையாம சக்கரம் மட்டும் ஆடினா வீல் பேரிங்.

புழல்:
எல்லாம் ஏத்திட்டுக் கடைசியா ஹெட்லைட்டை இறக்குங்க. பின்பக்கம் இறங்கினதும் வெளிச்சம் மேல போகும், ராத்திரி எதிர்ல வர்ற லாரிக்காரர் கண்ணை அது கூசவைக்கும். ரெண்டு பேரும் உட்கார்ந்து, சுவத்துக்கு நேரா நிறுத்தி, டிம் வெளிச்சத்தோட மேல் விளிம்பு ஹெட்லைட் உசரத்துக்குக் கீழ விழற மாதிரி திருகணும்.

இன்னொண்ணு. ஆளை இறக்கிவிட்டுத் தனியா திரும்பினா ஷாக்கைப் பழைய ஸ்டெப்புக்கு இறக்குங்க. ரெட்ஹில்ஸ் வளைவுல தனியா வந்த ஒரு வண்டியோட பின் சக்கரம் ஒவ்வொரு மேட்டுலயும் தரையை விட்டு எழும்பி வெளிப்பக்கமா நகர்ந்துச்சு. பெட்டியும் இல்ல ஆளும் இல்ல, ஷாக் மட்டும் 5வது ஸ்டெப்ல. காலி வண்டி கொஞ்சமாவது இறங்கி நின்னாத்தான் சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்கித் தரையைப் பிடிக்கும். சி ஸ்பேனர் சில வண்டியோட டூல் கிட்லயே இருக்கும், இல்லன்னா சென்னை ஜிபி ரோட்டு ஸ்பேர் கடையில உங்க ஷாக் காலர் அளவைச் சொல்லி வாங்கி சீட்டுக்கு அடியில போட்டுக்கங்க. கேம்ல கிளம்புறதுக்கு முன்னாடியே கிரீஸ் தடவியிருந்தா ரோட்டோரத்துல ஒரு ஆளே திருப்பிடலாம்.