மறு: ‘லைவ்ஸ்டாக் வொரியிங்’: ‘கால்நடை வெருட்டு’ என்று வைத்தால் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

எம்மா ஹார்ப்பர் பற்றிய கட்டுரை வரைவைப் படித்துக் கருத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இழை பல பக்கம் கிளைத்துவிட்டது. சண்டை மும்முரமாக நடக்கும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

வரைவைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஹார்ப்பர் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்காரர். ஸ்ட்ரான்ராரில் பிறந்தவர், செவிலியாக வேலை பார்த்தவர். 2016இலும் 2021இலும் தெற்கு ஸ்காட்லாந்து வட்டாரத்திலிருந்து எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கெய்ர்ன்ரையன் துறைமுகத்துக்குப் போகும் ஏ75, ஏ77 சாலைகள், கிராமப்புற மருத்துவம், ஸ்காட்ஸ் மொழி, பண்ணைத்தொழில் என்று அவர் விடாமல் பேசிவரும் விஷயங்கள் பல. அவற்றில் அவர் பெயரிலேயே சட்டமாகி நிற்பது நாய்–ஆடு விவகாரம். நாய்களிடமிருந்து கால்நடைகளைக் காப்பதற்கு 1953இல் ஒரு சட்டம் வந்தது. அதை ஸ்காட்லாந்து அளவில் திருத்தும் மசோதாவை அவர் 2020 மே மாதம் அறிமுகம் செய்தார். 2021 மார்ச்சில் நிறைவேறி, அந்த ஆண்டு நவம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு அதிகபட்ச அபராதம் 1,000 பவுண்டு. இப்போது 40,000 பவுண்டு வரை போடலாம், 12 மாதம் வரை சிறையும் உண்டு. குற்றவாளியை நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்தது.

நாய் கால்நடைகளைத் துரத்தித் தொல்லை செய்யும் இந்தக் குற்றத்தின் பெயர்தான் ‘லைவ்ஸ்டாக் வொரியிங்’. அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

> ‘கால்நடை அச்சுறுத்தல்’ என்று போட்டுவிட்டுப் போகலாமே ஐயா. எதற்கு இவ்வளவு யோசனை?

போடலாம்தான். ஆனால் அப்படிப் போட்டால் ஆங்கிலத்தில் இருந்த அதே ஓட்டை தமிழிலும் வந்துவிடும். இன்றைக்கு ஆங்கிலம் பேசுபவர் காதில் ‘வொரி’ என்றால் கவலை, மனக்கலக்கம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் குரல்வளையை நெரிப்பது. நாய் கழுத்தைக் கவ்விப் பிடித்து உலுக்குவதற்கு ஆகி வந்து, மனிதரைத் தொல்லைப்படுத்துவதாகத் தேய்ந்து, கடைசியில் கவலையாக நின்றுவிட்டது. சட்டமும் மேய்ப்பர்களும் மட்டும் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் இருந்து நாயோடு உலா வருபவருக்கு ‘ஆடுகளை வொரி செய்யாதே’ என்ற பலகையைப் பார்த்தால், ஏதோ ஆட்டின் மனம் நோகக் கூடாது என்பதுபோல்தான் படும். 2021 திருத்தம் ‘தாக்குதல்’ என்ற சொல்லை ‘வொரி’க்குப் பக்கத்திலேயே தனியாகக் கொண்டுவந்து நிறுத்தியதற்குக் காரணம் இந்த மழுங்கல்தான் என்பது என் எண்ணம். ‘அச்சுறுத்தல்’ என்றால் நமக்கும் அதே கதி. யாரோ தொலைபேசியில் மிரட்டியதுபோல் இருக்கிறது.

சரி, சட்டம் எதையெல்லாம் இந்தக் குற்றத்துக்குள் அடைக்கிறது என்று பார்ப்போம். மூன்று நிலைகள் உண்டு. நாய் கால்நடையைத் தாக்குவது முதல் நிலை. காயமோ வேதனையோ, சினையாக இருந்தால் கருச்சிதைவோ, பால் முட்டை போன்ற பலனில் குறைவோ உண்டாகும் விதத்தில் துரத்துவது இரண்டாவது. மூன்றாவதுதான் நம் ஆட்களுக்கு வியப்பாக இருக்கும்: ஆடுகள் நிற்கும் வயலில் நாய் கயிறில்லாமல், சொல்லுக்கு அடங்காமல் திரிந்தாலே போதும். துரத்தவே வேண்டாம். இது செம்மறிக்கு மட்டும் உரிய பாதுகாப்பு, 1981இல் சேர்த்தது. மேய்ப்பு நாய், வழிகாட்டி நாய், காவல்துறை நாய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

மூன்றாவதை ஏன் சேர்த்தார்கள் என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் காலோவே பக்கம் வயல்களுக்கு இடையே சாந்து வைக்காமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள் ஓடும். அவிழ்ந்த நாய் ஒன்று ஓடி வந்தால் மந்தை முழுக்க ஒரே திசையில் பாய்ந்து சுவர் மூலையில் போய் முட்டி நிற்கும். பின்னால் வருபவை முன்னால் நிற்பவற்றின் மேல் ஏறும். அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் சாகும். நாய் ஒரு பல்கூடப் பதித்திருக்காது, வால் ஆட்டிக்கொண்டு உரிமையாளரிடம் திரும்பியிருக்கும். அவரும் ‘விளையாட்டுக்கு ஓடியது’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார். சேதம் அன்றோடு முடிவதும் இல்லை. ஓடிக் களைத்த சினை ஆடு சில நாள் கழித்துக் குட்டி வீசும். குட்டி போட்ட ஆடாக இருந்தால் தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் சிதறி, குட்டி பாலில்லாமல் சாகும். அங்கே வசந்தம்தான் குட்டி போடும் பருவம். ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடைபோகக் கிளம்பும் பருவமும் அதுவே.

இன்னொன்றும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், தனியார் நிலம் என்றாலும். வேலி போட்டு ‘உள்ளே வராதே’ என்று சொல்லிவிட முடியாது. நாயோடு வருபவருக்கும் உரிமை உண்டு, நாயைக் கட்டுக்குள் வைத்திருந்தால். அந்த நிபந்தனையை மீறினால் கேட்க வலுவான சட்டம் வேண்டும் என்பதுதான் ஹார்ப்பருக்குப் பண்ணையாளர்கள் வைத்த கோரிக்கையின் சாரம்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘கால்நடை வதை’ கூடாது. வதை என்றால் மனிதர் செய்யும் கொடுமை. அதற்கு வேறு சட்டங்கள் உண்டு. ‘கடித்துக் குதறல்’ நம் செய்தித்தாள்களுக்குப் பழகிய சொல். காங்கேயம், சென்னிமலைப் பக்கத்துப் பட்டிகளில் தெருநாய்கள் புகுந்த செய்திகள் எல்லாவற்றிலும் அதுதான் தலைப்பு. ஆனால் சுவர் மூலையில் மூச்சு முட்டிச் செத்த ஆட்டை அது விட்டுவிடுகிறது. தவிர, அங்கே பிரச்சினை உரிமையாளர் இல்லாத நாய். ஸ்காட்லாந்துச் சட்டம் கைநீட்டுவது உரிமையாளரையும், அந்த நேரத்தில் நாயைப் பிடித்திருந்தவரையும்.

> ‘கால்நடை விரட்டு’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் மஞ்சுவிரட்டு நினைவுக்கு வந்துவிடுகிறதே அம்மா! சிவகங்கைக்காரர் யாராவது படித்தால் எந்தத் தேதியில் நடக்கிறது என்று கேட்பார். விரட்டுவது என்றால் ஓர் இடத்தை விட்டு அப்புறப்படுத்துவது என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொள்கிறது. தோட்டத்தில் மேய்ந்த ஆட்டை நாமே விரட்டுகிறோம், அது குற்றமில்லை.

என் வாக்கு ‘வெருட்டு’க்குத்தான். ‘மாடு வெருண்டு ஓடியது’ என்று இன்றும் சொல்கிறோம். வெருள்வது விலங்கின் செயல், வெருட்டுவது அதை அப்படிச் செய்விப்பது. ஒரே வேரிலிருந்து இரண்டும் கிடைக்கின்றன: நாய் வெருட்டியது, மந்தை வெருண்டது. ஓட்டமும் அச்சமும் சேர்ந்தே அதில் இருக்கின்றன. கடி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘மிரள், மிரட்டு’ என்ற இணையும் இதேபோல் இருந்ததுதான், ஆனால் ‘மிரட்டல்’ வெடிகுண்டுக்கும் கந்துவட்டிக்கும் போய்விட்டது, மீட்க முடியாது.

> எங்கட பக்கம் வெருட்டுறது எண்டால் வாயால பயம் காட்டுறது. நாய் துரத்தினால் ‘கலைச்சது’ எண்டுதான் சொல்லுவம்.

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்த மறுப்பு வலுவானது. இழையில் வந்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த மடலும் இதுதான். ‘நாய் கலைச்சது’ என்பதில் துரத்தலும் மந்தை சிதறுவதும் ஒருசேர வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு வாசகருக்கும் ‘கூட்டத்தைக் கலைத்தார்கள்’ தெரியும் என்பதால் அந்நியமாகவும் இருக்காது. தடுப்பது ஒன்றே ஒன்று: சட்ட விளக்கத்திலேயே கருச்சிதைவு வருகிறது. ‘கால்நடைக் கலைப்பு’ என்று எழுதினால் பாதிப் பேர் கருக்கலைப்பு என்று படிப்பார்கள், அதுவும் கால்நடை மருத்துவர்கள் முதலில். ஆகவே தலைச்சொல்லாக ‘வெருட்டு’, விளக்கத்தில் ‘கலைத்தல்’ என்று வைக்கலாமா? வாயால் வெருட்டுவது மனிதரோடு மனிதர். முன்னால் ‘கால்நடை’ நிற்கும்போது அந்தப் பொருள் எட்டிப் பார்க்காது என்று நினைக்கிறேன்.

‘தாக்குதல்’ பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. வரைவில் ஒருவர் ‘தாக்கல்’ என்று திருத்தியிருக்கிறார். மசோதா பற்றிய கட்டுரையில் ‘கால்நடைத் தாக்கல்’ என்று வந்தால் ஆட்டை அவையில் தாக்கல் செய்ததுபோல் ஆகிவிடும். ‘தாக்குதல்’ என்றே இருக்கட்டும். குற்றத்தின் முழுப்பெயர்: கால்நடைத் தாக்குதலும் வெருட்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் முன்வைக்கும் விளக்கம் இது:

கால்நடை வெருட்டு: பண்ணை நிலத்தில் நாய் கால்நடைகளைத் தீங்கு நேரும்படி துரத்துதல், கலைத்தல், செம்மறிகள் உள்ள அடைப்பில் கட்டுப்பாடின்றித் திரிதல். குற்றம் நாயின் உரிமையாளரையும் பொறுப்பாளரையும் சாரும்.

‘கால்நடை’யில் பறவை அடங்குமா என்று கேட்டவருக்கு: அடங்கும். 1953 சட்டத்திலேயே கோழி, வாத்து, வான்கோழி உண்டு. 2021 திருத்தம் லாமா, அல்பாக்கா, நெருப்புக்கோழி, பண்ணை மான், அடைப்பில் வளரும் வேட்டைப் பறவைகள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டது. நம் கால்நடைத் துறையும் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறது, எனவே புதுச்சொல் தேவையில்லை.

வெருட்டும் நாயை விவசாயி சுடலாமா என்ற கேள்விக்கு இந்தத் திருத்தத்தில் விடை தேட வேண்டாம். அது 1987ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். மந்தையைக் காக்க வேறு வழியில்லாமல் சுட்டவர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொன்னால் இழப்பீட்டு வழக்கில் அதையே தன் எதிர்வாதமாக வைக்கலாம். கட்டுரையில் அதற்கு ஒரு வரி போதும்.

ஹார்ப்பர் செய்ததுபோல், அரசு கொண்டுவராமல் உறுப்பினர் ஒருவரே கொண்டுவருவது ‘மெம்பர்ஸ் பில்’. அதற்குத் ‘தனிநபர் மசோதா’ வேண்டாம் என்பது என் கருத்து. 2015இல் திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்தது மாநிலங்களவையில் நிறைவேறியபோது எல்லா நாளிதழ்களும் அப்படித்தான் எழுதின, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரோடு ‘எப்படியும் சட்டமாகாது’ என்ற நினைப்பும் சேர்ந்தே வருகிறது. இந்திய நாடாளுமன்றத்தில் 1970க்குப் பிறகு ஒன்றுகூட சட்டமானதில்லை. ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. முதலில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், பிறகு சக உறுப்பினர்கள் குறைந்தது 18 பேர் ஆதரிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மசோதாவை அறிமுகம் செய்யலாம். அந்தப் படிகளைத் தாண்டியவை சட்டமாவது அங்கே அபூர்வமில்லை. ‘உறுப்பினர் மசோதா’ என்றால் நேராகவும் இருக்கிறது, தனியார் மசோதா என்ற மற்றொரு வகையோடு குழம்பவும் செய்யாது.

கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு ‘உள்ளூர் முன்னுரிமைகள்’ என்ற தலைப்பு எனக்கு உவப்பாக இல்லை. ஏ75 சாலை க்ராக்கெட்ஃபோர்டு, ஸ்ப்ரிங்ஹோம் என்ற இரண்டு கிராமங்களின் நடுவே போகிறது. அயர்லாந்துக் கப்பலுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வீட்டு வாசலை உரசிக்கொண்டு ஓடுகின்றன, புறவழிச்சாலை வேண்டும் என்கிறார்கள். இதை நம்மூரில் யாரும் ‘முன்னுரிமை’ என்று சொல்ல மாட்டார்கள், கோரிக்கை என்பார்கள். ‘வட்டாரக் கோரிக்கைகள்’ என்று மாற்றியிருக்கிறேன். ‘தொகுதி’ என்று போடாததற்குக் காரணம், அந்த நாடாளுமன்றத்தின் 129 பேரில் 73 பேர்தான் தொகுதி உறுப்பினர்கள். மீதி 56 பேர் கட்சிகளின் வட்டாரப் பட்டியல் வழியாக வருபவர்கள், 2016இலும் 2021இலும் ஹார்ப்பர் வந்ததும் அந்த வழியில்தான்.

‘வெருட்டு’க்கு எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் இன்னொரு சுற்றுப் பேசலாம். குன்றை விட்டு அகலாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே மேயும் ஆட்டு மந்தைக்கு அவர்கள் ‘ஹெஃப்டட்’ என்கிறார்கள், அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஆடு மேய்க்கும் கீதாரிகளோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் அதற்குத் தனி இழை தொடங்கவும்.