'ஃபாரஸ்ட் கம்ப்': உங்களை நிறுத்திவைத்த காட்சி எது?

முதற்பதிவு

'ஃபாரஸ்ட் கம்ப்' என்னும் ஹாலிவுட் படம் என்றதும் பலருக்கும், அதன் நாயகன் ஃபாரஸ்ட் அமர்ந்து தன் கதையைச் சொல்லும் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சும் மடியிலிருக்கும் சாக்லேட் பெட்டியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது தரையில் விழுந்த ஒரு நோட்டுப் புத்தகம்.

1963 ஜூன் 11 அன்று, டஸ்கலூசா நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் அரங்க வாசலில், கறுப்பின மாணவர்களைச் சேர்க்க விடமாட்டேன் என்று மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மறித்து நின்றார். மாநிலத்தின் தேசியக் காவற்படையை அதிபர் கென்னடி தம் அதிகாரத்தின்கீழ்க் கொண்டுவந்த பிறகே அவர் வழிவிட்டார். விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்னும் இரு மாணவர்களும் உள்ளே சென்று பெயரைப் பதிந்துகொண்டார்கள். அன்றைய கறுப்பு வெள்ளைச் செய்திப்படத்துக்குள்தான் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ், ஃபாரஸ்டாக நடிக்கும் டாம் ஹாங்க்ஸைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். விவியன் மலோனின் கையிலிருந்து நோட்டு நழுவுகிறது. இத்தனை காவலர்கள், இத்தனை கேமராக்கள், இத்தனை வெறுப்பு சூழ நிற்கும் இடத்தில், அதில் எதையும் கவனியாத ஃபாரஸ்ட், கீழே விழுந்த பொருளை எடுத்து உரியவரிடம் ஓடிப்போய்க் கொடுக்கிறான். நோட்டு விழுந்தது கற்பனை. வாசலை மறித்தது உண்மை. வளர்ப்பின் ஒழுங்கே ஒரு மனிதனைச் சரியான பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

வேலை நிமித்தம் அலபாமாவில் சில காலம் வசித்தபோது அந்த வாசலைத் தேடிப் போனேன். செங்கல் கட்டடம், முன்னால் உயரமான வெள்ளைத் தூண்கள். எதிரே மலோன், ஹுட் இருவரின் பெயரால் 2010-இல் அமைக்கப்பட்ட முற்றமும், ஆத்தரின் லூசியின் பெயர் தாங்கிய மணிக்கூண்டும் இருக்கின்றன. இந்த இருவருக்கும் முன்பே, 1956-இல், அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கலவரத்தைக் காரணம் காட்டிச் சில நாள்களிலேயே வெளியேற்றப்பட்டவர் அவர். படத்தில் அவர் இல்லை. வாலஸ் விலகிய அன்றிரவு கென்னடி தொலைக்காட்சியில் குடிமை உரிமைகள் பற்றி உரையாற்றியதும், நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டதும் படத்தில் இல்லை. 1965-இல் விவியன் மலோன் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார் என்பதையும் அந்த ஊருக்குப் போன பிறகே தெரிந்துகொண்டேன். ஃபாரஸ்ட் நோட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான், படமும் அவனோடு நகர்ந்துவிடுகிறது. அந்த மாணவி அதன்பின் இரண்டாண்டு அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார் என்ற எண்ணத்தோடு மறுபடி பார்க்கும்போது, சில நொடியே வரும் அக்காட்சியின் கனம் கூடிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாலஸ் பிற்பாடு அதிபர் தேர்தலில் நின்றதையும் 1972-இல் சுடப்பட்டு உயிர் பிழைத்ததையும் ஃபாரஸ்ட் ஓரிரு வாக்கியத்தில் சொல்லி முடித்ததும், பெஞ்சில் பக்கத்திலிருக்கும் பெண்மணி, அது நடந்தபோது தாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்ததாக நினைவுகூர்கிறார். உடனே ஃபாரஸ்ட் கேட்பது, அது பெண்கள் கல்லூரியா, இருபாலரும் படிக்கும் கல்லூரியா என்று. சிறுவயது முதல் அவன் நேசிக்கும் ஜென்னி படித்த பெண்கள் கல்லூரி அவன் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சி, அவ்வம்மையாருக்கு அப்போது தாம் இருந்த இடமாகவும் அவனுக்கு அவன் ஜென்னியாகவும் மாறிவிடுகிறது. பெரிய நிகழ்ச்சிகளை மனிதர்கள் நினைவில் வைத்திருப்பது இப்படித்தான். எரிக் ராத்தின் திரைக்கதை அதைப் பாடமாக்காமல், போகிற போக்கில் காட்டிவிடுகிறது.

உங்களுக்கு எந்தக் காட்சி என்று எழுதுங்கள்.

மறுமொழி

முதற்பதிவை எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் ஃபாரஸ்டின் பின்னால் போனீர்கள். நான் ஜென்னியின் பின்னால் போனவள், ஆகையால் இந்தப் படத்தின்மேல் எனக்குப் பெரும் அன்பும் தீராத வருத்தமும் சேர்ந்தே உண்டு.

கல்லூரி விடுதியில் தோழியரோடு பார்த்தபோது, ஃபாரஸ்டை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் ஜென்னியை அறை முழுவதும் திட்டியது. என்னால் திட்ட முடியவில்லை. குடித்துவிட்டுத் தேடி வரும் தகப்பனிடமிருந்து தப்பிச் சோளக்கொல்லைக்குள் முழந்தாளிட்டு, தன்னைப் பறவையாக்கிவிடும்படி கடவுளிடம் வேண்டுகிற அந்தச் சிறுமி, படத்தின் மீதிப் பகுதி முழுவதும் என் கண்முன் நின்றாள். வளர்ந்தபின் உயரமான மாடியின் விளிம்பில் ஏறி நின்று அவள் கீழே பார்க்கும்போதும், பாழடைந்த பிறந்த வீட்டின்மேல் கல்லெறிந்து, எறியக் கல் இல்லாமல் தரையில் விழுந்து அழும்போதும், எனக்குக் கேட்டது அதே வேண்டுதல்தான். அவளைக் கட்டாயப்படுத்தி எழுப்பாமல் பக்கத்தில் அமர்கிற ஃபாரஸ்டை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன்: சொன்னதைச் செய்கிறவனுக்குப் பதக்கமும் செல்வமும் தரும் இக்கதை, கேள்வி கேட்ட தலைமுறையின் பக்கம் நின்றவளுக்கு ஏன் நோயை மட்டும் தருகிறது? லிங்கன் நினைவகத்தின் முன் நடக்கும் போர் எதிர்ப்புக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் 1967 அக்டோபரில் உண்மையாகவே பெருங்கூட்டம் திரண்டு, பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனை நோக்கி நடந்திருக்கிறது. துணை நடிகர்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்திப் படமெடுத்து, கணினியில் ஒட்டி அந்த மக்கள் கடலை உருவாக்கியவர்கள், ஃபாரஸ்ட் வியட்நாமைப் பற்றிப் பேசத் தொடங்கும் கணத்தில் ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்க வைத்துவிடுகிறார்கள். நினைவகத்தின் முன்னுள்ள நீர்த்தடாகத்தில் இறங்கி ஜென்னி ஓடி வருவது மனத்தை அள்ளுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது என்பது படத்தில் யார் வாயிலிருந்தும் தெளிவாக வருவதில்லை.

அவளுடைய நோய்க்கும் படம் பெயர் சொல்வதில்லை. ஏதோ ஒரு வைரஸ், மருத்துவர்களுக்கே தெரியவில்லை என்கிறாள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கல்லறையில் பொறித்திருக்கும் நாள் 1982 மார்ச் 22. எய்ட்ஸ் என்று பிற்பாடு அறியப்பட்ட நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அமெரிக்காவில் வெளியானது 1981 ஜூனில். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததோ 1982-இன் பிற்பகுதியில். பெயரே வைக்கப்படாத நோயில் இறந்தவர்களுள் ஒருத்தியாக அவளை நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்கும்போது அவள்மீது தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மறுமொழி

நான் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். அக்கா எழுதியது முற்றிலும் சரி. போரை எதிர்த்தவர்களின் குரலைப் படம் அடக்கிவிட்டது. போருக்குப் போய்த் திரும்பியவர்கள் விஷயத்தில் அது அவ்வளவு தவறவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

வியட்நாமில் வந்திறங்கும் ஃபாரஸ்டுக்கும் அவன் நண்பன் பப்பாவுக்கும், அவர்களுடைய படை அதிகாரி லெப்டினன்ட் டான் சொல்லும் முதன்மையான அறிவுரை காலைப் பற்றியது: காலுறையை மாற்றிக்கொண்டே இருங்கள், பாதத்தை ஈரமாக விடாதீர்கள். ஓயாத மழையில் பாதம் ஊறி அழுகிப்போவது அந்தப் போரில் வீரர்களை உண்மையாகவே வாட்டிய தொல்லை. அதைச் சொன்ன மனிதருக்கே இரண்டு கால்களும் போகின்றன. நடிகர் கேரி சினிஸின் கால்களில் நீலத்துணி சுற்றிப் படமெடுத்து, பிறகு கணினியில் அந்தப் பகுதியை அழித்தார்கள். சிறந்த காட்சித் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் உள்பட ஆறு விருதுகளை அந்தப் படம் வாங்கியது. சினிஸ் அத்தோடு அந்தப் பாத்திரத்தை விட்டுவிடவில்லை. அப்பெயரிலேயே இசைக்குழு அமைத்துப் படைவீரர்களுக்காக இசை நிகழ்ச்சிகள் நடத்தினார், 2011-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். எங்கள் நோயாளிகளிடையே அவருக்குள்ள மரியாதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலை இழந்த வியட்நாம் வீரர் ஒருவரிடம், கட்டு மாற்றும்போது இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். ஃபாரஸ்டின் திருமணத்துக்கு டான் டைட்டானியம் கால்களில் நடந்து வந்து, விண்வெளி ஓடத்துக்குப் பயன்படுத்தும் உலோகம் என்று பெருமையோடு சொல்வாரே, அதுதான் அவருக்குப் பிடித்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். நியூயார்க் மதுக்கடையில், புத்தாண்டு இரவில், எல்லோரும் ஆரவாரிக்கும்போது டான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் முகத்தைச் சொன்னார். செயற்கைக்கால் பொருத்திச் சில மாதங்களில் நடந்துவிடலாம், அந்த மௌனத்தை விட்டு வெளியே வரத் தமக்குப் பல ஆண்டுகள் ஆயின என்றும், படம் அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டது என்றும் சொன்னார்.