கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு 6 மணி நேரமா, 14 மணி நேரமா? அம்மாவின் இன்சுலின் நேரத்தைக் கணக்கிட உதவி தேவை

கேள்வி (சுங்கை சிப்புட்):
அனைவருக்கும் வணக்கம். என் அம்மா வருகிற டிசம்பரில், தங்கையின் பிரசவத்திற்காக லண்டனுக்குத் தனியாகச் செல்கிறார். ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். விமானத்தில் ஏறுவது இதுவே முதல் முறை. இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.30க்குச் சேருவதாகச் சீட்டில் உள்ளது; கணக்குப்படி 6 மணி நேரம். ஆனால் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. திரும்பும் சீட்டிலோ இரவு 9 மணிக்கு ஏறி மறுநாள் மாலை 6 மணிக்கு இறங்குவதாக, அதாவது 21 மணி நேரமாக, இருக்கிறது. எதை நம்புவது? அம்மா தினமும் இரவு 10 மணிக்கு, ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொள்கிறார். அதனால்தான் கவலை.

பதில் (ஈப்போ):
சீட்டில் அச்சிடுவது அந்தந்த ஊரின் நேரம். டிசம்பரில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்குக் கோடைக்காலமானால் 7 மணி நேரம். ஆகவே லண்டனின் காலை 5.30 நமக்குப் பிற்பகல் 1.30, போகும் பயணம் 14 மணி நேரம். திரும்பும்போது அங்கு இரவு 9 என்பது நமக்கு விடியற்காலை 5 என்பதால் 13 மணி நேரம். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்காற்றாகி, வரும்போது பின்னிருந்து தள்ளுவதே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். உங்கள் வகுத்தல் சரிதான். ஆனால் 10,600 என்பது மிகக் குறுகிய வழியின் தொலைவு. விமானங்கள் சில நாடுகளின் வான்வெளியைச் சுற்றிச் செல்கின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் ஏறி இறங்குவதும் சீட்டு நேரத்தில் அடக்கம்.

பதில் (தைப்பிங், ஓய்வுபெற்ற தாதி):
தம்பி, அம்மா புறப்படும் இரவு 10 மணிக்கு விமான நிலையத்திலேயே ஊசி போட்டுக்கொண்டால், அடுத்த 24 மணி நேரம் முடிவது லண்டனில் பிற்பகல் 2 மணிக்கு. அதற்குள் தங்கையின் வீட்டில் இருப்பார். பழக்கத்தில் அங்குள்ள இரவு 10 மணி வரை காத்திருந்தால் இடைவெளி 32 மணி நேரமாகிவிடும்; அதுதான் ஆபத்து. எந்த நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது என்பதால், விமானத்தின் அடியில் குளிரில் செல்லும் பெட்டியில் போடாமல், மருத்துவர் கடிதத்துடன் கைப்பையிலேயே வையுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லண்டனில் முதல் ஊசியைப் பிற்பகல் 2 மணிக்கே போடும்படி மருத்துவரும் சொல்லி, அடுத்த நாள்களுக்கான நேரங்களை எழுதிக் கொடுத்தார். அம்மாவின் கைக்கடிகாரம் மலேசிய நேரத்திலேயே ஓடும். யாரும் அறியாமல் திருப்பிவிடக் கூடாதென்று அதன் வாரில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, ‘நம் ஊர் நேரம்’ என்று எழுதியிருக்கிறேன்.