அலாரம் வைத்துத் தண்ணீர் குடித்தும் தலை வலிக்கிறது, ஏன்?

கேள்வி (நெடுநடை):
அடுத்த மாதம் நண்பர்களோடு ஐந்து நாள் மலை நடை. அதற்காக வாரக்கடைசிகளில் பையைச் சுமந்து நடந்து பழகுகிறேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தில் அலாரம் அடிக்கும். தாகம் இருக்கிறதோ இல்லையோ, குடித்துவிடுவேன். அப்படியும் பிற்பகலில் தலை வலிக்கிறது, குமட்டுகிறது, விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறது. சிறுநீர் நிறமே இல்லாமல் போகிறது. இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டுமா? இன்னொன்று, இரண்டாம் நாள் வழியில் 18 கிலோமீட்டருக்கு ஊற்றோ ஓடையோ கிடையாது. எத்தனை லிட்டர் சுமப்பது?

பதில் (மேட்டுவழி):
வேண்டாம், அதிகமாக்காதீர்கள். முதலில் அந்த அலாரத்தை நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்வதைப் படித்தால் தண்ணீர் போதாமல் வந்ததாகத் தெரியவில்லை, கூடிப்போய் வந்த மாதிரி இருக்கிறது. வியர்வையில் உப்பும் சேர்ந்தே போகிறது. தேவைக்கு மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சிறுநீரகத்தால் அதே வேகத்தில் வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அதற்குப் பெயர் ஹைப்போநட்ரீமியா. முற்றினால் மூளை வீங்கி, குழப்பம், வலிப்பு வரை போகும்.

எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், நீரிழப்பிலும் இதே தலைவலியும் குமட்டலும்தான் வரும். ஒரு குழு நடையில் ஒரு பெண் பாறை மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ‘தண்ணி குடிங்க’ என்று பாட்டிலை நீட்டினார்கள். அவர் பையின் பக்கவாட்டில் காலி பாட்டில்கள் செருகியிருந்தன. வாய் உலரவில்லை, தாகமும் இல்லை என்றார். பேச்சு தெளிவாக இருந்ததால், தண்ணீரை நிறுத்தி, உப்பு போட்ட வேர்க்கடலை கொடுத்து, நிழலில் உட்காரவைத்தோம். நிறைய சிறுநீர் போனபிறகுதான் முகம் தெளிந்தது. பேச்சு குழறியிருந்தால் அங்கே வைத்துப் பார்க்கும் வேலையே கிடையாது, உடனே மருத்துவ உதவிதான்.

விரல் வீக்கம் மட்டும் என்றால் கையைத் தொங்கவிட்டு நடப்பதாலும் வரும். அதனால் அடுத்த பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், பையும் நனைந்த துணியும் இல்லாமல். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் வரை குறைந்தால் பதற வேண்டாம், சாயங்காலம் உணவோடு சரியாகிவிடும். நடந்துவிட்டு எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். எடை குறைந்தும் தலைவலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தலைவலிக்கு என்று இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள்; உடலில் தண்ணீர் தேங்குவதை அது கூட்டும்.

அப்புறம் அந்த 18 கிலோமீட்டர். தூரத்தை விடுங்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். சுமையோடு ஏற்ற இறக்கத்தில் ஆறு மணி நேரம் என்று வையுங்கள். மிதமான வெயிலுக்கு மணிக்கு அரை லிட்டர், ஆக 3 லிட்டர்; கடும் வெயில் என்றால் இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ எடை என்பதால் விடிவதற்குள் கிளம்புவது பெரிய லாபம். கிளம்பும் ஊற்றடியிலேயே சாவகாசமாக அரை லிட்டர் குடித்துவிடுங்கள்.

பதில் (ஓடைக்கரை):
வரைபடத்தில் நீலக்கோடு இருந்தால் தண்ணீர் ஓடும் என்று நம்பாதீர்கள். அண்மையில் அந்த வழியில் போய் வந்தவரிடம் கேளுங்கள். வடிகட்டி கொண்டுபோனால், இரவு உறைகுளிர் இருக்கும் இடத்தில் அதைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் நீர் உறைந்தால் நுண்குழல்கள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண 0.1 மைக்ரான் வடிகட்டி வைரஸைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சந்தேகமான தண்ணீரை ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

நெடுநடை:
இருவருக்கும் நன்றி. அலாரத்தை எடுத்துவிட்டேன். ஓஆர்எஸ் கரைசலையே நாள் முழுக்கக் குடித்தால் பிரச்சினை தீராதா?

மேட்டுவழி:
தீராது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. குளுக்கோஸ் கூட இருந்தால்தான் குடல் சோடியத்தை வேகமாக உள்ளே இழுக்கும், தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். ஆனாலும் ரத்தத்தில் இருப்பதைவிட அதில் சோடியம் குறைவு. அளவுக்கு மீறினால் அதுவும் நீர்க்கத்தான் செய்யும். ஒரு பாட்டிலில் கரைசல், மற்றதில் வெறும் தண்ணீர், கொறிக்க உப்புள்ள ஏதாவது, இது போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள், கெட்டியாக்க வேண்டாம். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். எடை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அதை வைத்து இரண்டாம் நாள் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.