இரண்டடித் தொட்டி, விடியற்காலையில் 17 பாகை: என்ன மீன் விடலாம்?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):
மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். மீன் வாங்கக் கண்டிக்குப் போனோம். "எல்லாம் ஒன்றாக இருக்கும் அண்ணே" என்று கடையில் கப்பி ஆறு, டைகர் பார்ப் இரண்டு, ஏஞ்சல் ஒன்று, கோல்ட் ஃபிஷ் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

மூன்றாம் நாள் கப்பிகளின் வால் கந்தல். ஏஞ்சலுக்குக் கீழே தொங்கும் நீள நூல் இரண்டையும் காணவில்லை. பத்து நாளில் கப்பி ஒன்றுதான் மிச்சம். அதுவும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் தள்ளாடுகிறது. கோல்ட் ஃபிஷ் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தின்கிறது.

தண்ணீர் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து நேரே வழிந்து வருவது), குளோரின் கிடையாது. விடியற்காலை 17 பாகை, பகலில் 21. ஹீட்டர் இல்லை. இந்தக் குளிருக்குச் சண்டை போடாத மீன் எது?

பனிமூட்டம் (நுவரெலியா):
தம்பி, உங்கள் தொட்டியில் இருப்பது நாலு ஊர்க்காரர்கள். டைகர் பார்ப் இரண்டாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் வாலைத்தான் கடிக்கும். எட்டுப் பத்தாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். அப்போதும் கப்பியோடும் ஏஞ்சலோடும் சேர்க்கக் கூடாது. ஏஞ்சல் அமேசான் மீன், 25 பாகைக்குக் குறைந்தால் சோர்ந்துவிடும். அது வளர்ந்தால் சின்னக் கப்பியை விழுங்கியும்விடும். கோல்ட் ஃபிஷ் குளிரைத் தாங்கும், ஆனால் அரையடிக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். கல்லும் மணலும் போக உங்கள் தொட்டியில் ஐம்பது லீற்றர்தான் நிற்கும். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு அது போதாது.

ஹீட்டர் வேண்டாம் என்றால் என் ஓட்டு வைட் க்ளவுட் மீனுக்கு. சீனாவில் குவாங்சோவுக்குப் பக்கத்து வெண்மேக மலை ஓடைகளில் கண்டெடுத்த மீன், அதனால்தான் அந்தப் பெயர். 15 முதல் 22 பாகை அதற்குச் சுகம். ஒன்றரை அங்குலம்தான் வளரும். எட்டு விடுங்கள். கூடவே ஸீப்ரா டானியோ ஆறு. 18 பாகையிலும் ஓடித் திரியும், விடியற்காலையில் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும். மூடி கட்டாயம் போடுங்கள், இரண்டுமே துள்ளும். என்னுடையது ஒன்றைக் காலையில் அடுப்படிச் சீமெந்துத் தரையில் கருவாடாகப் பொறுக்கினேன்.

ஊவாக்காற்று (பதுளை):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் மீனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து மீன் விட்டால் கழிவில் வரும் அமோனியாவே கொன்றுவிடும். அதைத் தின்னும் பாக்டீரியா பில்டர் ஸ்பான்ஜில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை ஆகும், குளிரில் இன்னும் மெதுவாகும். ஸ்பான்ஜைப் பீலியில் கழுவிப் பளிச்சென்று ஆக்காதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒருமுறை பிழிந்தால் போதும். கிழமைக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பீலித் தண்ணீர் மென்மையானது, கப்பிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் வேண்டும். துடுப்பு ஒடுங்கினதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

எனக்கென்னவோ நம் நாட்டு புலத் ஹப்பயாதான் அழகு. சிங்களத்தில் வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். ஆண் மீனுக்கு நிறம் ஏறும்போது முன்பாதி சிவந்துவிடும், வாய் நிறைய வெற்றிலை போட்ட ஆளேதான். ஆனால் அது தென்மேற்கு ஓடைகளின் மீன், 22க்குக் கீழே விடாதீர்கள். 50 வாட் ஹீட்டர் நாள் முழுக்க எரிந்தாலும் 1.2 யூனிட்தான்.

கொழுந்துக்கூடை:
மாதத்துக்கு 36 யூனிட் அக்கா! எங்கள் லயத்து வீட்டு மின்சார பில்லில் அது நன்றாகவே தெரியும். வெற்றிலைக்காரர் பிறகு வரட்டும், இப்போது வைட் க்ளவுட். ஆறு கிழமை பொறுக்கச் சொன்னதற்கு மகள் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள். பார்ப்பையும் ஏஞ்சலையும் ஹட்டனில் ஹீட்டர் வைத்திருக்கும் நண்பன் தனித்தனித் தொட்டிக்கு எடுத்துக்கொள்கிறான். கோல்ட் ஃபிஷ்ஷை மைத்துனர் வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் விடலாம் என்று பேச்சு. ஆனால் அதற்கு மகள் "பெரியசாமி" என்று பெயர் வைத்துவிட்டாள், அதுதான் சிக்கல்.

பனிமூட்டம்:
பெயர் வைத்தாயிற்றா? அப்படியானால் அந்தச் சீமெந்துத் தொட்டியை முதலில் மகளுக்குக் காட்டுங்கள். மீனை விடுவதற்கு முன், அது இருக்கும் பையை அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க வையுங்கள், சூடு சமமாகட்டும்.