வீக்ஸ் கல்லறையின் வெண்கலக் கொப்பரை: விலைக்கு வந்ததா, அன்பளிப்பா?

செங்கோடன்:
பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வீக்ஸ் என்ற ஊரில் 1953இல் ஒரு கெல்ட் (பண்டைய ஐரோப்பிய இனம்) பெண்ணின் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 500 வாக்கைச் சேர்ந்தது. அதில் கிடைத்த கிரேக்க மதுக்கொப்பரையை "இளவரசிக்கு வந்த அன்பளிப்பு" என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. கிரேக்கர் கி.மு. 600 வாக்கிலேயே பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள மார்சேயில் குடியேறிவிட்டார்கள். ரோன் ஆற்றோரமாகச் சரக்கு வடக்கே போனது. கல்லறைக்குப் பக்கத்திலுள்ள லாசுவா குன்றில் இருந்தவர்கள் சேன் ஆற்றுப் பாதையைக் கையில் வைத்திருந்தார்கள். வசதி இருந்தது, வாங்கினார்கள்.

ஆதிரை:
கொஞ்சம் பொறுங்கள். கொப்பரையின் உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு 1100 லிட்டர். இதைக் கடையில் வைத்தா விற்பார்கள்? ஸ்பார்ட்டாக்காரர்கள் இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்த லிடியாவின் மன்னர் குரோசஸுக்கென்று பெரிய வெண்கலக் கொப்பரை செய்து அனுப்பியதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். இந்த அளவுப் பாத்திரம் ஆள்பவருக்கு ஆள்பவர் தருவது. கழுத்தைச் சுற்றி வீரர்களும் தேர்களுமாக வரிசை போகிறது. எந்த உருவம் எங்கே பொருந்தும் என்பதற்குக் கிரேக்க எழுத்தில் அடையாளம்கூட இட்டிருக்கிறார்கள். அத்தனை கவனம்!

செங்கோடன்:
அந்த அடையாளம் பட்டறையின் ஒழுங்கைத்தான் காட்டுகிறது. அன்பளிப்பு என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்? அப்புறம், அதே கல்லறையில் ஏதென்ஸ் கிண்ணங்கள் இருக்கின்றன, இத்தாலியின் எத்ருஸ்கர் செய்த வெண்கலக் கூஜா இருக்கிறது. இத்தனை இடத்துப் பொருளையும் ஒருவரே கொடுத்தாரா?

ஆதிரை:
கிண்ணமும் கூஜாவும் வணிகத்தில் வந்திருக்கலாம், சரி. அதை வைத்துக் கொப்பரையையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாதையைத் திறந்துவைக்கத் தலைவியின் தயவு வேண்டும், அதற்குத்தான் இது.

குறிஞ்சி:
இரண்டு பேருமே அனுப்பியவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். பெற்றவர்களையும் பாருங்கள். ஜெர்மனியின் ஹோக்டார்ஃபிலுள்ள கெல்ட் தலைவரின் கல்லறையில் சுமார் 500 லிட்டர் பிடிக்கும் கிரேக்கக் கொப்பரை கிடைத்தது. விளிம்பில் மூன்று சிங்கங்கள். அதில் ஒன்று மட்டும் கிரேக்க வேலை இல்லை, உள்ளூர்க் கைவினைஞர் வார்த்தது. கொப்பரைக்குள் இருந்ததும் திராட்சை மது இல்லை, அவர்களே காய்ச்சிய தேன்மது. குடிக்க ஒன்பது கொம்புகள். வந்த பொருளைத் தங்கள் விருந்துக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள். கிரேக்கரின் தயவுக்குக் காத்திருந்தவர்களாக அவர்களைக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆதிரை:
சிங்கத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் குறிஞ்சி. ஆனால் வீக்ஸ் கொப்பரையில் அப்படி உள்ளூர்க் கை பட்ட இடம் ஏதாவது உண்டா? காட்டுங்கள், பேசுவோம்.